குகநேசனின் மூன்று போத்தல்கள்

மல்லாவிச் சந்தியில் மீன் விற்கும் மரியதாஸின்
ரெஜிபோம் பெட்டிக்குள் படுத்திருந்தன மூன்றும்,
பிரான்சிலிருந்து காற்சட்டைகளுக்குள் சுற்றி வந்தவை.
ஐஸ் இருந்தது அங்கே மட்டும்தான்.
எடுத்துத் துடைத்தபோது
முதல் மணம் சூடை மீன்.
"இதையும் எழுது" என்றேன்.
குகநேசன் சிரிக்கவில்லை. எழுதினான்.

பாரிசில் பதினொரு வருசம் கோப்பை கழுவினவன்.
கழுவமுதல் ஒவ்வொரு கிளாசையும்
மூக்கருகே பிடிப்பானாம்.
ஆரோ மிச்சம் விட்ட கடைசித் துளியில்
படித்தானாம் எல்லாவற்றையும்.
இப்போது அதே கடையில்
கையில் வெள்ளைத் துவாய் மடித்து
மேசை மேசையாய் ஊற்றுகிறான்.
"தமிழிலைதான் சொல்ல வருகுதில்லை.
'நல்லாயிருக்கு' எண்டதுக்கு அங்கால
ஒரு சொல்லுமில்லை என்னட்டை."

என்னிடம் இருந்தன.
கள்ளுக் கூட்டுறவுச் சங்கத்தில்
காலை ஆறுக்கு முட்டி முட்டியாய்ப் பார்த்துப்
பதிவேட்டில் எழுதுகிறவள் நான்:
இளம்புளி, கடும்புளி,
மழை விழுந்தது, எறும்பு மிதந்தது,
திரும்ப அனுப்பு.
ஒரு மிடறு, துப்பு, எழுது.
அங்கேயும் துப்பித்தான் பார்ப்பார்களாம்.
கேட்டதும் அவர்களில் எனக்கொரு மரியாதை வந்தது.

முதலாவது சிவப்பு.
ஜாம் போத்தல் நாலு,
அக்கா திலகேஸ்வரிக்கு அவளது சில்வர் பேணி.
நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு, என்றேன்.
பிறகு துவர்ப்பு,
வாழைப்பொத்தி வெட்டின கத்தியை நக்கினதுபோல.
எல்லாம் போனபிறகு கடைசியில்
விளாம்பழ ஓட்டின் உட்பக்கம்.
"பிளேன்ரீ" என்றாள் அக்கா,
"சீனி போட மறந்தது."
அவள் சொன்னதும் சரிதான்.

இரண்டாவது வெள்ளை.
போத்தலின் முதுகில் இருந்ததை
வாசித்து வாசித்துத் தமிழாக்கிக்கொண்டு வந்தான்:
எலுமிச்சந் தோல், ஈரக் கல்,
வெடிமருந்துப் புகை
அந்த இடத்தில் அவன் நாக்கு நின்றது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மரியதாஸ் பெட்டியின் மூடியைச் சரியாக மூடினான்.
அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

நான் மறுபடி முகர்ந்தேன்.
"பிழை. எழுதினவை அதை மணந்ததில்லை.
அது தலைமயிரிலை கிடக்கும், கிழமைக்கணக்கா.
கஞ்சியிலையும் கிடக்கும்.
இது வேறை.
மாரியிலை நமுத்த நெருப்புக்குச்சி
நாலாந்தரம் உரசேக்கை பத்தும் பார்,
பத்தின கையோடை அணையும் பார்,
அந்த நேரத்து மணம்."
அவன் போனில் ஒரு வரியை அழித்தான்.
அடுத்த வரிக்கு நேரம் எடுத்தது.

மூன்றாவது சாம்பெயின்.
மூடி வெடிக்கும் என்று
படத்தில் பார்த்திருந்த அக்காவின் மகன்
கைதட்டக் காத்து நின்றான்.
குகநேசன் துவாயால் போர்த்தி
மூடியை விட்டுப் போத்தலைத் திருப்பினான்.
ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
சத்தம் வந்தால் ஊற்றுகிறவனுக்கு வெட்கமாம்.
பெடியனுக்கு ஏமாற்றம்.
எங்களுக்கு இல்லை.

அச்சுப்பாண், என்றேன். விடியப்புறம் நாலரை,
பேக்கரியின் பின்கதவு.
பச்சை ஆப்பிளும் இருக்கு என்றான்.
இங்கே வருகிற ஆப்பிளுக்கு
மெழுகும் ஸ்டிக்கரும்தான் மணம்,
அதனால் கொய்யாப் பிஞ்சு என்று வைத்தோம்.
நுரை? பனையால் இறங்கி அரைமணி ஆன கள்ளுக்குத் தம்பி.
ஆனால் கள்ளு கத்திக் கதைக்கும்,
இது காதுக்குள் வந்து சொல்லும்.
மரியதாஸ் மூன்றுதரம் தும்மினான்.
அக்கா விலை கேட்டாள்,
ரூபாயில் பெருக்கினாள்,
பேணியை மெல்ல, இரண்டு கையாலும், கீழே வைத்தாள்.

இருட்டினபிறகு கிணற்றடியில்
ஜாம் போத்தல்களை அவனே கழுவினான்.
கழுவமுதல் ஒவ்வொன்றாய் மூக்கருகே.
ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினான்:
"இது உங்கடை. துப்பவுமில்லை,
மிச்சமுமில்லை."

காலை ஆறு மணி, முதல் முட்டி.
புளிப்பு என்ற கட்டத்துக்குள்
'கொய்யாப் பிஞ்சு' என்று எழுதிவிட்டேன்.
வெட்டவில்லை.
மனேச்சர் வந்து கேட்கட்டும்.