கார் நிறுத்துமிடத்தில் ஏழு சுற்று

இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்துவிட்டேன்.
பாயான் லெப்பாஸ் பாக்டரி பஸ்
சுங்கை ஆரா முனையில் இறக்கிவிட்டது.
ஏழே முக்கால். ஆலயக் கேட் திறந்திருக்கிறது.
தூணருகே ஒரு ஜோடி மெரூன் செருப்பு.
யாருடையது என்று தெரியும்.
திரும்பியிருப்பேன், பஸ் போய்விட்டது.

லெந்து நாட்களுக்கென்று போதகர் ஜெபநேசன் வரைந்தது இது:
மிஞ்சிய வெள்ளைப் பெயிண்ட், ஓர் ஆணி, நைலான் கயிறு,
வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாலு பேர்.
"இது புதிர் இல்லை" என்றார் ஞாயிறன்று.
"தப்பாகத் திரும்பவே முடியாது.
ஒரே வழி, நடுவுக்குப் போகும்,
அதே வழி திரும்பி வரும்.
வார்த்தை வராதவர்கள் நடக்கலாம்."
செயலாளருக்குச் சம்மதமில்லை:
"இஸ்ரவேலர் சுற்றியது போதாதா ஐயா?
ஆறு கார் நிற்கும் இடம்!"

தார் இன்னும் சுடவில்லை.

என் வேலை கோடு பார்ப்பது.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, மஞ்சள் வெளிச்சத்தில்,
மயிரினும் மெல்லிய தடங்கள் வளைந்து வளைந்து போகும்;
எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லச் சம்பளம்.
பன்னிரண்டு மணிநேரம் பார்த்த கண்
இங்கும் பெயிண்ட் உரிந்த இடங்களை எண்ணுகிறது.
மூன்றாம் வளைவில் ஒன்று.
எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் ஒன்று.
ஆண்டவரே, என்று ஆரம்பித்தேன்.
அதற்குமேல் வரவில்லை.
கால் போகட்டும்.

நடுவில் புளோரா அக்கா நிற்கிறாள்,
எனக்கு முதுகு காட்டி.

அப்பாவின் சேமநிதியில்
வாரிசு என்று அவள் பெயர் மட்டும்.
நாற்பத்திரண்டாயிரம் வெள்ளி.
மூன்று வருஷமாகத் திருவிருந்துக்கு
அவள் இடப்பக்க வரிசை, நான் வலப்பக்கம்.

நெருங்கிவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம்
பாதை என்னை வெளி ஓரத்துக்குத் தள்ளுகிறது.
குப்பைத்தொட்டி. பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளை.
மறுபடி குப்பைத்தொட்டி.
அவள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள்.
ஒருமுறை அடுத்த சுற்றிலேயே கடந்துபோனாள்,
கை நீட்டினால் சேலை முந்தானை கிடைக்கும்;
நடந்து சேர இன்னும் எத்தனை வளைவோ.
ஒரே வழி என்றால்
எதிரே வருகிறவரும் அதில்தான் வருவார்.
போதகர் இதைச் சொல்லவில்லை.

நான்காம் சுற்றில், முதலில் கோடாலித் தைல வாசனை,
பிறகு அவள் பாதம்.
இடது பெருவிரலில் கட்டு.
ஓரத்தில் பழுப்பாய் ஊறியிருக்கிறது.
அந்தக் காலோடு தாரில் வெறுங்காலாய்.
சர்க்கரையா? எப்போதிலிருந்து?
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
யார் சொல்வார்கள், நான் கேட்டால்தானே.

பாதை ஒன்றரை அடி. இருவர் கடக்க முடியாது.
அவள் குப்பைத்தொட்டிப் பக்கக் கோட்டில் ஏறினாள்,
அதே நொடி நான் ரம்புத்தான் பக்கம்.
நடுவே பாதை காலியாகக் கிடந்தது.
யாரோ பெரியவர் வருகிறார் என்று
இருவரும் ஒதுங்கி நின்றதுபோல.
போனாரா, தெரியவில்லை.
ஒரு மைனா மட்டும் தத்திப் போனது.

"ஷிப்டா?" என்றாள்.
"ம்."

அவ்வளவுதான். அவள் வெளியே, நான் உள்ளே.

நடுவில் நின்றேன்.
ஒரு முழு ஜெபம் வரும் என்றிருந்தேன்.
"அந்த விரல்" என்று வந்தது.
கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்
"அந்த விரல்."
ஆமென் சொன்னேனா, ஞாபகமில்லை.

திரும்பும்போது உரிந்த இடங்களை எண்ணவில்லை.
எண்ணினேன். ஐந்து.

கேட்டுக்கு வெயில் வந்திருந்தது.
மெரூன் செருப்பு போய்விட்டது.
நான் கண்டபடி கழற்றிப்போட்ட செருப்பு
தூணின் நிழலில், ஜோடியாக,
வாசலைப் பார்த்து இருக்கிறது.
காவலாளியாகவும் இருக்கலாம்.

நாற்பத்திரண்டில் பாதி இருபத்தொன்று.
அதை நான் விடப்போவதில்லை, கேட்பேன்.
விரலைக் கேட்டுவிட்டு.