தொண்ணூற்றைந்து

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இமை மயிரில் உறைந்த மூச்சோடு
நிலவறை ஜிம்முக்குள் இறங்குகிறேன்.
சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் முணுமுணுக்கின்றன.
இரும்புக்கு மட்டும்
இன்னும் தெருவின் ஞாபகம்.

எட்டு மணி நேரம் டிராலி பஸ் ஓட்டிய முதுகு இது.
கோட்டைக் கழற்றினேன், தொப்பியைக் கழற்றினேன்,
இருக்கை கழலவில்லை.

வந்த காலோடு கம்பியைப் பிடிக்கிறான்
மருந்துக்கடை துல்கூன்.
ஊருக்கெல்லாம் வலி மாத்திரை விற்பவன்.

எனக்கு முதலில்
எங்கும் போகாத சைக்கிளில் பத்து நிமிடம்.
நிறுத்தம் இல்லை, நெரிசல் இல்லை,
சில்லறைக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.
காதுமடல் சூடாகிற வரை மிதிக்கிறேன்.
பிறகு இடுப்பைச் சுழற்றி, தோளைச் சுழற்றி,
வெறுங்கம்பியோடு எட்டு முறை.
கதவு, பிரேக், ஸ்டியரிங்
தொட்டுப் பார்க்காமல்
டிப்போவிலிருந்து நான் வண்டி எடுத்ததில்லை.
சொந்த உடம்பை மட்டும்
அப்படியே கிளப்பிக்கொண்டு போன காலம் உண்டு.

இன்று நூறு கிலோ.
எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு.
பள்ளியில் பூகோளம் நடத்தும் ஹாலியுன்
செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அறுபது, காற்று.
எண்பது, சரி.
தொண்ணூற்றைந்து
முழங்காலைத் தாண்டுகையில்
இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கம்,
யாரோ மணியை அழுத்தினார்கள்.
வலி என்று சொல்ல முடியாது.
இறங்கப்போகிறேன் என்பதற்கான மணி அல்ல,
அடுத்த நிறுத்தம் எது என்று கேட்கிற மணி.

கம்பியைக் கீழே வைத்தேன்.
போடவில்லை, வைத்தேன்.

"இன்னும் அஞ்சே அஞ்சு கிலோ," என்கிறாள் ஹாலியுன்.
அஞ்சு கிலோ என்றால்
சந்தையில் ஒரு பை உருளைக்கிழங்கு.
போன வருடம் அதே அஞ்சு கிலோ
பதினொரு வாரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது.
குனிய முடியாத எனக்கு
ஆறு வயது மகன் தெமூலென்
மண்டியிட்டு பூட்ஸ் மாட்டினான்.
இடது வலது மாற்றி மாட்டினான்.
முகத்தில் அவ்வளவு பெருமை.
ஆஸ்பத்திரி வரை மாற்றியே நடந்தேன்.

தட்டுகளை ஒவ்வொன்றாக உருவுகிறேன்.
நூறு எங்கும் ஓடிவிடாது,
வியாழக்கிழமையும் அதன் எடை நூறுதான்.
துல்கூன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.
சிரித்து முடித்தவன்
தன் கம்பியின் ஒரு நுனியில் பூட்டு இல்லாததைப் பார்த்து
பெஞ்சுக்கடியில் கைவிட்டுத் தேடுகிறான்.
நான் பார்க்காதது போலத்
துண்டால் முகம் துடைக்கிறேன்.

படத்தில் நாற்பது நொடி இருக்கிறது:
ஒரு பெண் இரும்பையே பார்த்து நிற்கிறாள்,
பிறகு சட்டகத்தைவிட்டு வெளியே போகிறாள்.
"ஒண்ணுமே நடக்கலையே, அழிச்சிடவா?"
வேண்டாம், அனுப்பு என்றேன்.

காலை ஐந்தரை.
நிலக்கரிப் புகையில் தெருவிளக்கு மஞ்சளாய்க் கரைகிறது.
தெமூலென் தூங்குகிறான்.
வாசலில் குனிந்து
நானே பூட்ஸ் போடுகிறேன்.
இடது காலில் இடது.