காடி அடைப்பு

நிஜாமுதீன் மூன்று நாள் வெட்டிவிட்டு
பாலம் தாண்டி மண்டபத்தில்
இன்னொரு வீட்டை வெட்டப் போய்விட்டான்.
'மூடிருங்கண்ணே' என்று போனில் ஒரு வார்த்தை.

உள்ளே போய்ப் பார்த்தால்
பூனை பிறாண்டிய கருவாட்டுப் பெட்டி மாதிரி வீடு.
நிலைப்படியிலிருந்து அடுப்படிக்கு ஒரு காடி,
அடுப்படியிலிருந்து மீட்டருக்கு ஒன்று,
நடுவில் மனம் மாறி வெட்டி
பாதியில் விட்டது ஒன்று.

மெட்டில்டா மணலைக் காட்டினாள்.
வெள்ளையாய், மாவாய், பார்க்க அழகுதான்.
ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.
'கொழம்பா வைக்கப் போறிய?'
குழம்பென்றால் உப்புச் சரி.
சுவரென்றால் ஆறு மாதத்தில்
கோடு கோடாய்ப் பூத்து உதிரும்.

அலசணும் என்றேன். மூன்று தண்ணீர்.
தள்ளுவண்டியில் குடம் பன்னிரண்டு ரூபாய்,
தங்கச்சிமடத்தில் மணலைக் குளிப்பாட்டச் சொல்கிறவன்
நான் ஒருத்தன்தான் இருப்பேன்.
அவள் கணக்குப் போட்டாள், விரல் மடக்கி.
மடக்கிய விரலை
மறுபடி நிமிர்த்தாமலே
வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

அப்புறம் காடிக்குள் தூசி தட்டி
தண்ணீர் அடித்தேன்.
அடித்தது தெரியவில்லை.
இன்னொரு செம்பு. அதுவும் போனது.
கைக்குழந்தை குடிக்கிற மாதிரி
ஒரு சத்தம், செங்கலுக்குள்.
'எம் மக்க குடிக்காத தண்ணிய
இந்தச் சொவரு குடிக்கிது' என்றாள்.
காய்ந்த சுவர் கலவையின் தண்ணீரைத் திருடும்,
திருடினால் வெடிக்கும்,
வெடிப்பு நேராய்ப் பைப்பின் மேலேயே ஓடும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த செம்பை அவளே ஊற்றினாள்.

'நில்லுங்க, மூடாதிய.'
போனை எடுத்து ஒவ்வொரு சுவராய்ப் படம் பிடித்தாள்.
நண்டு எடை எழுதின சீட்டுக்கும்
அக்காள் மகள் ஞானஸ்நானத்துக்கும் நடுவே
இப்போது பதினோரு சுவர்கள்.

கிழக்கு மூலையில் ஒரு பைப்
வயர் இல்லாமல் வெறுமனே ஏறியது,
கூரைத் தளத்தைத் துளைத்து
மொட்டைமாடியில் முழ உயரம் நின்றது.
'இது எதுக்கு?'
'மேல ஒரு ரூம்பு எடுத்தா.'
'எப்ப?'
தரையில் சிந்திய கலவையைக் காலால் தள்ளினாள்.
'எடுத்தா.'

மற்றதற்கெல்லாம் முக்கால் முழம் வலை வைத்தால்
அதற்கு ஒரு முழம் வைத்து ஆணியடித்தேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.
கலவையை இரண்டு தடவையாய்த் திணித்து,
முதல் தடவை இறுகக் காத்திருந்து,
மட்டப்பலகை இழுத்து,
மணியாசுக் கட்டையால் வட்டம் வட்டமாய்த் தேய்த்து,
பழைய பூச்சும் புதுப்பூச்சும் சேருமிடத்தை
ஈரப் பஞ்சால் துடைத்தேன்.
மாடியேறி, அதன் வாயில்
கிழிந்த நைலான் வலை கொஞ்சம் உருட்டி அடைத்தேன்.
மழை இங்கே எப்போதாவதுதான்.
பல்லி தினமும் வரும்.

சாயங்காலம் கை கழுவும்போது
மாதா படத்தோடு வந்தாள்,
மறு கையில் நாலு அங்குல ஆணி.
வைத்த இடம் மிகச் சரியாய்
ஃபேனுக்குப் போகிற லைன்.
'அம்மா, கொஞ்சம் இடது பக்கம்.'
'இங்கன வச்சாத்தான் வாசல்ல இருந்து தெரியும்.'
'இங்கன வச்சா மாதாவுக்கு ஷாக்கடிக்கும்.'
சிரிக்காமல் போனைத் திறந்து
படத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.
ஒரு வாரம் ஈரம் காயவிடக் கூடாது,
ஆணியெல்லாம் அதுக்கப்புறம் என்றேன்.

நாலாம் நாள் சைக்கிளில் அந்தத் தெரு வழியே போனேன்.
அரிசி கழுவின தண்ணீரை
ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு
காடி காடியாய்த் தெளித்துக்கொண்டிருந்தாள்.
சுவரெல்லாம் கருத்த கோடுகள்,
நான் மூடியது முழுக்க வெளியே தெரிந்தது.
பட்டப்பகலில் மூன்று லைட்டும் எரிந்தன.

மாடியில் அந்தப் பைப்.
ஒரு காக்கை வந்து அதன் மேல் உட்காரப் பார்த்து,
வழுக்கி,
பக்கத்து வீட்டு டேங்குக்குப் போனது.