ஒரே இரவில் பிறந்தவை

எங்கள் மலையில் பெயரே வரிசை எண்.
மூத்தவள் மசிக்கா, அடுத்தவள் பீரா,
பிறகு கபூகோ, பிறகு ம்பாம்பு.
நான் இதுங்கு. ஐந்தாவது பெண்.
பெயரைச் சொன்னதுமே தெரிந்துவிடும்,
எனக்கு முன்னால் நான்கு கைகள்
தட்டுக்குள் போய்விட்டன என்று.

இங்கே கீழே, கசிங்கா நீரோட்டத்தின் கரையில்
வரிக்கீரிகளுக்கு அந்தக் கணக்கு இல்லை.
சினையாக இருக்கும் பத்துப் பேரும்
ஒரே இரவில், ஒரே கறையான் புற்றுக்குள் ஈனுகிறார்கள்.
முந்திப் பிறந்ததைக் கொன்றுவிடுவார்கள்.
பிந்திப் பிறந்ததற்கு முலை மிஞ்சாது.
ஆகவே இருட்டில் எல்லாம் கலந்துபோகிறது,
விடிந்தால் எந்தத் தாய்க்கும்
எது தன்னுடையது என்று தெரியாது.

‘தெரியாது’ என்று எழுதக் கூடாதாம்.
‘தெரிவதற்கான அறிகுறி காணப்படவில்லை’
என்று அடித்துத் திருத்தினார் மசெரெக்கா.
மூன்றாவது மகன். எதிலும் கறார்.

என் வேலை முட்டை.
சினைப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மட்டும்
நாளுக்கு ஐம்பது கிராம், அவித்தது.
முதுகில் மயிர் கத்தரித்த இடம் பார்த்து
இவளுக்கு, இவளுக்கு,
இவளுக்கு இல்லை.
இல்லாதவள் என் பூட்ஸின் மேல் முன்கால் ஊன்றி
நிமிர்ந்து பார்ப்பாள். எண் இருபத்தேழு.
தராசில் ஏறினால் ஒரு நக்குப் பால்,
அது எல்லோருக்கும் உண்டு.
அவ்வளவு தாராளம்
ஆராய்ச்சித் திட்டத்திலேயே இருந்தது.

‘முட்டை அவித்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமலிருக்கவா
உனக்குச் சம்பளம்?’
தொலைபேசியில் அம்மா சிரித்தாள்.
கிட்டத்தட்ட அதற்குத்தான்.

அக்டோபரில் பெருமழை பெய்த மறுநாள் காலை
எல்லா வயிறும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.
நான்கு வாரம் கழித்துக் குட்டிகள் வெளியே வந்தன,
சில உருண்டையாக,
சில ஈரத் தீக்குச்சி மாதிரி.
இதுவரை நாங்கள் நினைத்தபடிதான்.

ஆனால் முட்டை தின்றவர்கள்
எருமைச் சாணத்தைக் கிளறி எடுத்த வண்டோடு
கொழுத்த குட்டி கத்துவதைக் கேட்டுக்கொண்டே
அதைத் தாண்டிப் போனார்கள்.
கத்தக்கூடத் தெம்பில்லாத ஒன்றின் வாயில்
வண்டை வைத்தார்கள்.
தற்செயல் என்று நினைத்தேன்.
பிறகு எண்ணத் தொடங்கினேன்.
எண்ணிக்கை நூறைத் தாண்டிய அன்று
மசெரெக்கா என் ஏட்டை வாங்கிப் பார்த்தார்,
எதையும் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தார்.

உடனே நல்லவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.
போன வறட்சியில் இதே கூட்டம்
மூன்று சகோதரிகளைக் கடித்து விரட்டியது,
அதில் ஒருத்தியின் காது பாதையில் கிடந்தது.
படகுத்துறைக் கூட்டத்தோடு எல்லைச் சண்டை மூண்டால்
முன்னால் ஓடுவது இவர்கள்தான்.
ஆண்கள் கட்டிப் புரண்டு கிழிபடும்போது
கள்ளிப் புதருக்குப் பின்னால்
எதிரி ஆணோடு இருந்துவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்பார்கள்.
இதையும் எழுதியிருக்கிறேன், நேரத்தோடு.

மராபு நாரை இரண்டு குட்டிகளை விழுங்கியது.
கொழுத்தது ஒன்று, மெலிந்தது ஒன்று.
அதற்குத் திட்டம் ஏதும் இல்லை.

மார்ச்சில் கடல் தாண்டி முடிவு வந்தது.
குட்டிகளின் வால் நுனியிலிருந்து கிள்ளிய துணுக்குகள்
தத்தம் தாயின் பெயரைச் சொல்லிவிட்டிருந்தன.
இரண்டு பத்திகள்: குட்டி, தாய்.
புற்றின் இருட்டு முழுவதும்
ஒரு தாளில் அடங்கியிருந்தது.
நான் முதலில் தேடியது இருபத்தேழை.

அடுத்த நாள் விடியலில் அவள் தராசில் நின்றாள்.
பிறர் தந்த வண்டுகளில் வளர்ந்த அவள் பிள்ளை
பின்னாலேயே ஏறி
பால் கிண்ணத்தில் மூக்கை நுழைத்தது.
உலகத்தில் அந்தக் கரையில்
எனக்கும் மசெரெக்காவுக்கும் மட்டும் தெரியும்.
நாக்கு நுனிவரை வந்தது.

அவள் அதைத் தோளால் இடித்துக் கீழே தள்ளிவிட்டு
கிண்ணத்தைக் காலியாக்கினாள்.

ஆயிரத்து நானூற்று முப்பது கிராம்.
எழுதிக்கொண்டேன்.
அடுத்தது.