உப்புக் குறைந்த கடல்

இருபத்திரண்டு வருடம்
விர்ட்சுவுக்கும் குய்வாஸ்துவுக்கும் இடையே
கப்பலில் பட்டாணி சூப் ஊற்றினேன்.
கணுக்கால்கூட நனைந்ததில்லை.
கூட்டிப் பார்த்தால்
உலகத்தைச் சுற்றியிருப்பேன்,
நீச்சல் தெரியாமல்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் எனக்குத் தெரியும்,
மாலுமி அறைச் சுவரில் எண்களாக ஒட்டியிருந்தது.
கால்தான் தெரியாது.

கூரெசாரே நீச்சல்குளம், பிப்ரவரி.
வெளியே மைனஸ் பதினான்கு.
உள்ளே எட்டுப் பேர்,
காரெலின் விசில், காரெலின் கடிகாரம்.
இருநூறு மீட்டர், என்றான்.
எந்த நீச்சலும் ஆகலாம். நேரக் கணக்கில்லை.
நடுவில் நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

மரம் அறுக்கும் தார்மோ
குளத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போய்
முதலில் கரையேறினான்.
இலையுதிர்காலத்தில் கற்ற தவளை நீச்சலோடு
நான் கடைசி.
காவலர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்தது பத்து நிமிடம்.
எதையும் பிடிக்காமல்
நீர்மேல் இருக்க வேண்டும்.

தார்மோ தண்ணீரோடு மல்லுக்கட்டினான்.
நான்காம் நிமிடம் அவன் முகவாய் அமிழ்ந்தது.
ஐந்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
யாரையும் பார்க்காமல் இருமினான்.

நான் மல்லாந்து கிடந்தேன்.
மருத்துவர் குறைக்கச் சொன்ன பதினெட்டு கிலோவும்
ஒன்றாகச் சேர்ந்து
என்னைத் தூக்கிப் பிடித்தன.
மூச்சு இழுத்தால் ஒரு விரற்கடை மேலே,
விட்டால் கீழே.
காதுக்குள் தண்ணீர்.
அதற்குள் என் மூச்சு, வேறு யாருடையதோபோல.

ஏழாம் நிமிடம் ஏனோ உர்மாஸ்.

எங்கள் தளத்து ஆள்.
நவம்பரில் விழுந்தான்.
அவனுக்கு நீந்தத் தெரியும், நன்றாகவே தெரியும்.
கப்பலைத் துரத்தி நீந்தினானாம்.
மிதந்திருந்தால், என்று யாரோ தொடங்கி
நிறுத்திக்கொண்டார்கள்.
அன்று மதியம் நாங்கள் சூப் பரிமாறவில்லை.

விசில்.
எழுந்திருங்கள் உர்வே, முடிந்துவிட்டது என்றான் காரெல்.
எழ மனமில்லை.

ஜூன். நிஜக் கடல்.
எங்கள் கடலில் உப்பு குறைவு,
என் சூப்பைவிடக் குறைவு.
அதனால் இடுப்பில் ஈயமும் கொஞ்சம் குறைவு.
தார்மோதான் என் துணை. மார்ச்சில்
மறுபடி மிதந்து தேறியிருந்தான்.

ஆறு மீட்டரில்
திரும்பிய அவன் துடுப்புக்கால்
என் முகத்தில் பட்டது.
கண்ணாடிக்குள் பால்டிக் புகுந்தது.
வாய்க்குழாய் எங்கோ போயிற்று.

மேலே போ என்றது உடம்பு,
உடனே, இப்போதே.
மூச்சை அடக்காதே என்றது பயிற்சி.
சின்னச் சின்னதாகக் குமிழ் விட்டேன்.
வலப்பக்கம் சாய்ந்து, தொடையிலிருந்து பின்னால்
கையை வளைத்து வீச,
தோளில் வந்து தொங்கியது குழாய்.
கடித்தேன். ஊதினேன். காற்று.
பிறகு கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி
அண்ணாந்து மூக்கால் சிந்த,
கடலும் சளியும் கலந்து வெளியேறின.

தெளிந்ததும் முதலில் தெரிந்தது
தார்மோவின் கண்கள்.
ஒரு கோழி முட்டை அளவு.

அப்போதுதான் அந்த உறுமல்.
நீருக்குள் ஒலிக்குத் திசை கிடையாது,
எல்லாப் பக்கமும் இயந்திரம்.
அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.
கரையில் அதற்குச் சபாஷ் என்று பொருள்.
இங்கே, மேலே போவோம்.

எனக்கு அந்த ஒலி தெரியும்.
பதினொன்று முப்பத்தைந்து.
அதன் வழி இந்தப் பக்கமே இல்லை.
இதைச் சொல்ல
விரல்களில் சொல் இல்லை.
ஒருவர் கேட்டால் இருவரும் ஏற வேண்டும்,
காரணம் கேட்கக் கூடாது.
நானும் விரலை உயர்த்தினேன்.

விட்டதில் மிகச் சிறிய குமிழைப் பார்த்து
அதை முந்தாமல்
ஏறினோம்.

மேலே வெயில்.
சட்டையில் காற்றடைத்து மல்லாந்தோம்,
தார்மோவும்தான், கைகளை விரித்து.
தொலைவில் வெள்ளையாகக் கப்பல்,
என் கட்டைவிரல் அளவு.

யாரும் அதைத் துரத்தவில்லை.