கால் வைக்கும் இடம்

பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று.
மூன்றிலும் விலையைத் தம்பிக்குத்தான் சொன்னார்கள்.
ஓடப்போவது நான் என்றேன்.
அப்படியா, நல்லம், என்று சிரித்துவிட்டு
றொசானைப் பார்த்து,
"லீசிங் போடலாம் பொஸ்" என்றார் பர்வீஸ் நானா.

றொசானுக்கு அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிள்.
நூற்றைம்பது சீசீ, டாங்கியில் ஒரு கீறல் கிடையாது.
வேறு யாரோ வீட்டுக் குதிரையைத் தடவுவதுபோல்
தடவிக்கொண்டு நிற்கிறான்.
"ஸ்கூட்டர் பெற்றோல் குடிக்கும், அக்கா.
இதை நாலு வருசம் ஓடிப்போட்டு
வாங்கின விலைக்கே விற்கலாம்."

நான் விற்பதற்கு வாங்க வரவில்லை.

முகத்துவாரத்தில் காலை ஐந்தே கால்.
நூற்றைம்பத்தைந்து பஸ்
ஆமர் வீதியில் ஆட்களை அடைத்து முடிக்குமுன்
விடிந்துவிடும்.
பிறகு ஓட்டோ, பிறகு நடை, பிறகு இன்னொரு ஓட்டோ.
வீடு வீடாகப் போய் இரத்தம் எடுப்பது என் வேலை.
நாளுக்குப் பதினொரு பேர்,
எல்லோரும் வெறும் வயிறு.

ஹவ்லொக் வீதி, மூன்றாம் மாடி, கனகநாயகம் ஐயா.
எட்டரைக்குக் கதவைத் திறந்து
"நேற்று ஏழு மணிக்குச் சாப்பிட்டது, பிள்ளை" என்பார்.
அவ்வளவுதான், அதற்குமேல் ஏசமாட்டார்.
மேசையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை
சோசரால் மூடிக் கிடக்கும்.
அதைப் பார்க்காமல் நரம்பைத் தேடுவேன்.

இரவு கொப்பியின் கடைசித் தாளில் போட்ட கணக்கு:
இப்போது போக்குவரத்துக்கு நாளுக்கு அறுநூற்று நாற்பது.
இருபத்தாறு நாள்.
ஸ்கூட்டர் நாலு லட்சத்து அறுபது,
கையில் உள்ள சீட்டுக்காசு கட்டினால்
மிச்சத்துக்கு மாதம் பத்தாயிரத்து ஐந்நூற்று இருபது,
நாற்பத்தெட்டு மாதம்.
பெற்றோல் ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது.
கூட்டிக் கழித்தால் மாதம் மிச்சம்
இருநூற்று எழுபது ரூபாய்.
டயர் தேய்வதை அதில் நான் எழுதவில்லை.
எழுதினால் வாங்கமாட்டேன் என்று தெரியும்.

ஆய்வுகூடத்தின் நீல ஐஸ்பெட்டியைக்
கையோடு கொண்டுவந்திருந்தேன்.
முதலில் கறுப்புக் குதிரையின் பின்சீற்றில் வைத்தேன்.
கயிறு போட்டுக் கட்டலாம் என்றார் நானா.
கட்டலாம்.
வேகத்தடை ஒவ்வொன்றுக்கும்
பதினொரு பேரின் இரத்தமும் ஒருதரம் துள்ளும்.

மூலையில் ஒரு ஸ்கூட்டர், மாம்பழ மஞ்சள்.
இடப்பக்கக் கண்ணாடி இல்லை.
முன்முகத்தில் முந்திய சொந்தக்காரர் ஒட்டிய
'தெருவன் சரணய்' பாதி உரிந்திருக்கிறது.
கால் வைக்கும் தட்டில் பெட்டியை இறக்கினேன்.
இறுக்கம்தான்.
பெட்டி நடுவில்,
இரண்டு பாதமும் இரண்டு ஓரத்தில்,
முழங்கால் மூடியில் முட்டுகிறது.
ஆனால் அசையவில்லை.
ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"எவ்வளவுக்குத் தருவீங்க?"
நானா வழக்கம்போலத் தம்பி பக்கம் திரும்பினார்.
அவன் இன்னும் கறுப்பு டாங்கியில் கை வைத்தபடி
"என்னட்டக் கேக்காதீங்க" என்றான்,
கொஞ்சம் கோபமாக.
விலை இறங்கவில்லை.
கண்ணாடி போட்டுத் தாரேன், தங்கச்சி,
ஹெல்மற் ஒன்றும் தாரேன், என்றார்.
ஹெல்மற் பெரிது. உள்ளே லேஞ்சியை மடித்து வைத்தேன்.
ஸ்டிக்கரை உரிக்கவா என்று கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்,
காலி வீதிக்கு எல்லாச் சரணமும் தேவை.

திங்கட்கிழமை.
ஆறு ஐம்பதுக்கு மூன்றாம் மாடியில் மணி அடித்தேன்.
நெடுநேரம் ஒருவரும் வரவில்லை.
பிறகு கனகநாயகம் ஐயா,
சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி, கண் பிசுங்க,
"என்ன பிள்ளை, இவ்வளவு வெள்ளெனவா?
மனிசனை நித்திரை கொள்ள விடமாட்டீரோ?"
நல்லா ஏசினார்.
மேசையில் கோப்பை இன்னும் வந்திருக்கவில்லை.