கூரையும் நீர்

அருமனைக்கு மேற்கே எங்கள் வீட்டில்
ராத்திரி ஏழரைக்கு ஜெபம்.
ரேடியோவைத் துணி போட்டு மூடிவிடுவார் அப்பா.
தும்மல் வந்தாலும் ஆமென் வரைக்கும் அடக்க வேண்டும்.
அவர் பெயர் ஏசுவடியான். ரப்பர் வெட்டு.
ஒட்டுப்பால் நாறும் விரல்களைக் கூப்பி
தானே கட்டிய ஒரு வரியைச் சொல்வார்:

கூரையும் நீர், கூரை தாங்கும் கம்பும் நீர்,
கதவும் நீர், கதவுக்கு வெளியே நிற்பவரும் நீர்.

மூன்று பேர் திருப்பிச் சொன்னோம்.
அண்ணன் வில்பிரட் இப்போது பாஸ்டர்,
குலசேகரத்தில் தகரக் கொட்டகை, மைக் செட்.
அக்கா லில்லிபாய்க்கு ஞாயிறு என்றால் பட்டுச்சேலை, அவ்வளவுதான்.
நான் இருபத்தொன்றாம் வயதில் ஒரு ராத்திரி
முழங்கால் மடக்கினேன்.
முழங்கால் மட்டும் மடங்கியது.
சண்டை இல்லை, யாரும் சாகவில்லை,
கேட்பவர்களுக்குக் கொடுக்க ஒரு நல்ல கதைகூட என்னிடம் இல்லை.
ஒரே பாய், ஒரே மரச்சீனிக்கிழங்கு, ஒரே வரி.

தாமோதரன் வீட்டில் கதை வேறு.
அவன் அப்பா தோட்டத் தொழிலாளர் சங்கம்;
சாமி மாடத்தில் நோட்டீஸ் கட்டு அடுக்கி வைத்தவர்.
கல்யாணமான புதிதில் சீண்டுவேன்:
'இல்லை' என்பது உனக்குப் பரம்பரைச் சொத்து,
எனக்குச் சுயசம்பாத்தியம்.

நிலன் பிறந்தபோது முடிவு செய்தோம்,
ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்.
ஞானஸ்நானம் இல்லை. முடி இறக்கவில்லை.
பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குள்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான் தாமோதரன்,
நேராக இருக்கட்டும் என்று.

பிறகு ஒக்கி வந்தது.
பிள்ளைக்கு ஆறு வயது. கரண்ட் இல்லை.
ஓடு பறக்கிற இடைவெளியில்
ரப்பர் மரங்கள் முறிகிற சத்தம்.
தாமோதரன் ஜன்னலைப் பிடித்து நின்று
வாய்விட்டு எண்ணினான்:
பதினாலு.
பதினஞ்சு.
என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

கூரையும் நீர்...
குரல் என்னுடையதல்ல. அப்பாவின் இழுவை,
இரண்டாவது 'நீர்' முடிந்ததும் வருகிற
அந்த வறட்டு இருமல் உட்பட.

இருட்டுக்குள்ளிருந்து மகன் கேட்டான்:
"கூரை எப்பிடிம்மா வெள்ளம் ஆவும்?"

சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்;
வெளிச்சம் இல்லாததால் சாட்சி இல்லை.

விடிந்தது. விழுந்த மரங்களுக்கிடையே
சிரட்டை பொறுக்கிக்கொண்டே தாமோதரன் சொன்னான்:
"ஒனக்கு நேத்து சொல்லதுக்கு என்னவாவது இருந்து."
கோபமா, ஆசையா, நான் கேட்கவில்லை.
அவன் என் பக்கம் திரும்பவும் இல்லை.

அன்றைக்கு நம்பினேனா?
இல்லை, சத்தியமாக இல்லை.
யார் பேரில் சத்தியம் என்று கேட்காதீர்கள்.

விதை விழுந்தாச்சு, முளைக்கும் என்கிறார் அண்ணன்.
பிள்ளை தானே யோசிப்பான் என்கிறான் தாமோதரன்.
இரண்டு பேருக்கும்தான் எவ்வளவு நம்பிக்கை.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஸ்கூல் மேட்ச்.
நிலனுக்குப் பதினாலு வயது, கோல்கீப்பர்.
பெனால்டி.
கையுறையைத் தட்டிக்கொண்டு நடுவில் நின்றான்,
உதடு அசைந்தது.
எண்ணுகிறானா, அந்த வரியா,
வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவில்லை.
பந்து இடது மூலையில் உள்ளே போய்விட்டது.

பைக்கில் வரும்போது கேட்டேன்.
"ஒண்ணுமில்ல" என்றான்.
உண்ணாமலைக்கடை தாண்டியதும் தானாகச் சொன்னான்:
"இந்தக் கம்பும் வெள்ளம், அந்தக் கம்பும் வெள்ளம்,
மேக்கம்பும் வெள்ளம்னு சொல்லுவேன்.
சின்னதுலயே உள்ளதாக்கும்."
"அதுக்கு என்னடே அர்த்தம்?"
"அர்த்தமா?"

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி
பாட்டிலைத் திறந்து
மடக்கு மடக்காக வெள்ளம் குடித்தான்.